ஸ்பிரிக் என்றால் இணுக்கு

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்திருப்பீர்கள். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு முறை கட்டினார்கள். அதைப் பற்றி யாரிடமும் பேசாமலே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போதும் பேச வேண்டும் என்று பெரிய ஆசை இல்லை. ஆனால் உடம்பு அசந்துபோன இந்த வயதில், ஒன்றைச் சொல்லாமல் வைத்திருப்பதுகூட ஒரு வேலையாகத் தெரிகிறது. அதனால் சொல்கிறேன்.

மலாக்காப் பக்கம் ஆயர் குரோவில் என் வீட்டில்தான் அக்காவும் இருக்கிறாள். எனக்கு ஆறு வயது மூத்தவள். இரண்டு காதும் கேட்காது. சில மாதங்களுக்கு முன் என் பேத்தி சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்து ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. அக்கா எட்டிப் பார்த்தாள். கறிவேப்பிலை போடும் இடம் வந்ததும், "ஸ்பிரிக்" என்று வாய்விட்டுச் சொன்னாள். திருத்தமாக, பழைய ஆங்கிலப் பள்ளிக்கூடத்து உச்சரிப்பில்.

பேத்தி என்னைப் பார்த்தாள். "பாட்டி, பெரிய பாட்டி இது மட்டும் எப்படி கரெக்டா சொல்றாங்க?"

பிள்ளை கேட்டதில் நியாயம் இருந்தது. கடையில் கொடுக்கும் ரிசீட்டை அக்கா 'ரெசெய்ப்ட்' என்பாள். கல்யாண மண்டபத்தில் 'பஃபெட்' சாப்பாடு என்பாள். எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே படிப்பாள். சின்னப் பிள்ளைகள் முன்பெல்லாம் சிரிப்பார்கள், இப்போது பழகிவிட்டது. அக்காவின் ஆங்கிலம் இரண்டு பாதி. காது கேட்ட காலத்தில் கற்றுக்கொண்ட சொற்கள் எல்லாம் சுத்தமாக வரும். அதற்குப் பிறகு கண்ணால் மட்டும் கற்றுக்கொண்டவை எழுத்தின்படி வரும். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. எழுதியதைப் படித்தாலே போதும். ஆங்கிலம்தான் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்பிரிக் என்ற சொல் முதல் பாதியின் கடைசியில் வந்தது.

லூபோக் சீனாவுக்கு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். அம்மா பால் மரம் வெட்டினார், பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கும் வேலை. அப்பாவுக்கு ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் புகையும் புளித்த பாலும் கலந்த வாசனை போகாது. இன்றைக்கும் எங்காவது குப்பை கொளுத்தினால் நான் ஒரு நிமிடம் அப்பாவைத் தேடுகிறேன்.

வரிசையாக வீடுகள் ஒட்டியிருந்த எங்கள் லயத்திலிருந்து அலோர் காஜாவுக்கு பஸ் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போன ஒரே பெண் பிள்ளை அக்கா. நீல பினஃபோர், வெள்ளைச் சட்டை, சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. செம்மண் ரோட்டில் சப்பாத்து அழுக்காகும் என்று கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடந்து, பஸ் நிற்கும் இடத்தில் மாட்டிக்கொள்வாள். சாயங்காலம் வரும்போது அன்றைக்குக் கற்ற சொல் ஒன்றையாவது கொண்டுவருவாள். மற்ற பிள்ளைகள் மிட்டாய் கொண்டுவருவதுபோல.

அந்த வருடம் தையல் வகுப்பில் தலையணை உறையில் பூ வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். சின்னத் தண்டு, அதில் சின்னச் சின்ன இலைகள். உறை முழுக்க இதையே விட்டு விட்டுப் போட வேண்டும். தையல் டீச்சர் அதை ஸ்பிரிக் என்றாராம். அக்கா உறையைக் கொண்டுவந்து அடுப்படியில் நின்றாள்.

"அம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

"செடி."

"செடி இல்லம்மா. கிளையும் இல்ல. சின்னதா இருக்கும், இலையோட. ஒடிச்சா கையில அடங்கும்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எண்ணெய் காயுது. கொல்லையில போயி கறிவேப்பிலை ஒரு இணுக்கு ஒடிச்சிட்டு வா."

அக்கா நகரவில்லை. "என்ன சொன்னீங்க? இணுக்கா?"

"ஆமா. இணுக்கு. போ சீக்கிரம்."

ஓடிப்போய் ஒடித்துவந்தாள். அதை அம்மாவின் கையில் கொடுக்காமல் தலையணை உறையின் மேல் வைத்துப் பார்த்தாள். "இதுதாம்மா ஸ்பிரிக். ஸ்பிரிக்குன்னா இணுக்கு."

"சிப்பிரிக்கோ என்னவோ. எண்ணெய் கருகுது, குடு."

பள்ளியில் பரிசாகக் கிடைத்த அகராதி ஒன்று அக்காவிடம் இருந்தது. அதில் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு இன்னும் பல அர்த்தம் இருப்பதாக இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். துணியில் போடும் இலை வேலைக்கும் அதே பெயர். நல்ல குடும்பத்து இளம்பிள்ளையைக் கேலியாக அப்படிச் சொல்வார்களாம். சட்டத்தில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்த அடிக்கும் தலையில்லாத சின்ன ஆணிக்கும் அதே பெயர்தானாம். முருகன் படத்துக்குக் கண்ணாடி மாட்ட அப்பா அப்படி நாலு ஆணி வாங்கி வைத்திருந்தார். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"வெள்ளக்காரனுக்கு வார்த்தைக்குப் பஞ்சமா? இலைக்கும் ஆணிக்கும் ஒரே பேரு வச்சிருக்கான்."

அப்பா அப்படிச் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நிறையச் சிரித்திருப்பார். எனக்குத்தான் நினைவில்லை.

மரங்கள் இலை உதிர்க்கும் காலம் வந்தது. உங்களுக்குத் தெரியும், அந்த மாதங்களில் தோட்டமே வேறு இடம். காடு முழுக்க மொட்டைக் கொம்புகள். வெயில் நேராகத் தரையில் விழும். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டு யார் வருகிறார்கள் என்று தூரத்திலேயே சொல்லிவிடலாம். பால் குறைந்து அம்மா சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவார். லயத்தில் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. முகத்தில் சிவப்பாகத் தடித்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்தார். சொந்தம் இல்லை, லயத்துக்கே அவர் பெரியம்மா. அக்காவின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா வந்திருக்கா." கோயிலடி வேப்பமரத்திலிருந்து அவரே கொப்புக் கொப்பாக ஒடித்துவந்து நிலையில் கட்டினார். பாய்க்கு அடியில் பரப்பினார். தாளிப்பு கூடாது, தலை சீவக் கூடாது, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது, மருந்து கூடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பெரியம்மாவை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் ஒரு மகனை அம்மையில் பறிகொடுத்தவர். தான் முறையாகச் செய்யாததால்தான் பிள்ளை போனான் என்று கடைசிவரை நம்பியவர். இன்னொரு வீட்டில் பிள்ளை போகக் கூடாது என்றுதான் அத்தனை கண்டிப்பாக இருந்தார்.

என் வேலை வேப்பிலையால் விசிறுவது. அரிக்கிறது என்று அக்கா சொன்னால் இலையால் மெதுவாகத் தடவ வேண்டும். நகம் படக் கூடாது. வீடு முழுக்கக் கசப்பு வாசனை. மஞ்சள் தண்ணீர் வாசனை. தாளிப்பு இல்லாத ரசம், உப்புக் கஞ்சி. பூ வேலை பாதி முடிந்திருந்த தலையணை உறையைத்தான் அக்காவின் தலைக்குக் கீழே போட்டிருந்தார்கள். அதில் மஞ்சள் கறை ஏறிக்கொண்டே போனது. எல்லாம் முடிந்தபின் பாயோடு சேர்த்து அதையும் கொளுத்திவிட்டார்கள்.

முதலில் அக்கா விளையாட்டாகத்தான் இருந்தாள். நான் விசிறும் கொத்தைப் பார்த்து, "இது ஸ்பிரிக் இல்ல. இவ்வளவு பெருசா இருந்தா பிராஞ்ச்" என்று திருத்தினாள். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு காதுக்குள் குத்துகிறது என்று அழ ஆரம்பித்தாள். தலையை ஒரு பக்கமும் வைக்க முடியவில்லை. காதிலிருந்து சீழ் வந்தது. வேப்பிலைக் கசப்பையும் மீறி அந்த நாற்றம் வந்தது.

பெரியம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆத்தா காதுல எறங்கியிருக்கா. தண்ணி ஊத்துனா சரியாப் போயிரும்."

அப்பா வெளியில் படுத்துக்கொண்டிருந்தார். அக்கா முனகும்போதெல்லாம் எழுந்து உட்காருவார்.

இந்தச் சமயத்தில்தான் டிரஸர் வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்க, கட்டுப் போடப் புதிதாக வந்தவர். இளம் வயது, வேறு ஊர். வெள்ளைக் கால்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை. பஸ் நிற்கும் இடத்தில் அக்காவைப் பார்த்தால் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசுவார். அக்கா பதில் சொல்வாள். தோட்டத்தில் அவருக்குப் பயந்தவர்கள் அதிகம். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து குடிக்காத பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிப் பிடிப்பார். தேங்கிய தண்ணீரைக் கண்டால் யார் வீடு என்று பார்க்காமல் உள்ளே நுழைந்து கவிழ்த்துவிடுவார்.

அன்றைக்கு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். அம்மா வாசலுக்கு வந்தார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வாசலில் பெரியம்மா நின்றார்.

"பாப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?"

"இருக்குங்கய்யா."

"காய்ச்சல் விட்டிருச்சா?"

அம்மாவின் கண் ஒரு முறை எதிர்வீட்டுக்குப் போய்வந்தது. "ஆத்தா வந்திருக்காங்கய்யா."

டிரஸர் நிமிர்ந்து நிலையில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தார். காற்று இல்லை. இலை அசையாமல் தொங்கியது. அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிவதுபோலக் கொஞ்சம் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். அம்மா அப்படியே நின்றார். யாரும் பேசவில்லை. உள்ளே அக்கா படுத்திருந்தாள்.

"ரொம்ப முடியலன்னா ஆளு அனுப்புங்கம்மா" என்றார்.

"சரிங்கய்யா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சருகில் டயர் ஏறும் சத்தம் வெகுதூரம் கேட்டது. அம்மா அந்தச் சத்தம் நிற்கும்வரை வாசலிலேயே நின்றார்.

தடிப்பு அடங்கியது, காய்ச்சல் விட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பெரியம்மா கும்பிட்டுவிட்டு நிலையிலிருந்த வேப்பிலையை அவிழ்த்தார். அம்மா அன்றைக்குத் தாளித்தார். அந்த வாசனை வந்ததும் எனக்குப் பசித்தது. அக்கா வெளிறிப்போய், மெலிந்துபோய் இருந்தாள். கூப்பிட்டால் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தோம்.

அடுத்த நாள் அவளைப் படிக்கட்டில் வெயில் படும்படி உட்கார வைத்திருந்தார் அம்மா. முதுகு ரோட்டுப் பக்கம். ரொட்டி விற்கும் பாய் மோட்டார் சைக்கிளில் வந்தார். வேப்பிலை கட்டியிருந்த நாட்களில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார், அன்றைக்கு நிறுத்தினார். ரப்பர் பந்து வைத்த ஹார்னை அமுக்கினார். அந்தச் சத்தத்துக்கு லயத்தில் முதலில் ஓடுகிறவள் அக்காதான்.

அக்கா திரும்பவில்லை.

"என்ன பாப்பா, பாய் மேல கோவமா?" என்று சிரித்துக்கொண்டே அவர் வண்டியை இன்னும் பக்கத்தில் தள்ளிக்கொண்டுவந்து மறுபடியும் அமுக்கினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அக்கா விரலில் உரியும் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்துவந்தார். அக்காவின் தலைக்குப் பின்னால் நின்று அவள் பெயரைச் சொன்னார். சாதாரணக் குரலில் ஒருமுறை. பிறகு சத்தமாக. பாய்க்கு முகம் மாறிவிட்டது. ஒரு ரொட்டியை எடுத்துப் படியில் வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்.

மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். பல வருடம் கழித்து காது டாக்டர் ஒருவரிடம் நானே கேட்டேன். "அப்பவே வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்கலாம்னு உறுதியா சொல்ல முடியாது. காப்பாத்தியிருக்க முடியாதுன்னும் சொல்ல முடியாது" என்றார். அதைக் கேட்டு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

அக்கா மறுபடியும் பள்ளிக்குப் போனாள். முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினால் பாடம் நின்றுவிடும். கொஞ்ச நாள் போய்விட்டு நின்றுவிட்டாள். அம்மா கட்டாயப்படுத்தவில்லை. பிறகு தையல் கற்றுக்கொண்டு, மலாக்காவில் ஒரு துணி ஃபேக்டரியில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அவளே வேண்டாம் என்றாள். அந்த அகராதியை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள், அட்டை பிய்ந்து போகும்வரை. நம்மில் பலருக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லிக் காட்ட மட்டும் முடியாது.

அம்மா கடைசிக் காலத்தில் அலோர் காஜாவில் தம்பி வீட்டில் இருந்தார். நான் வாரம் ஒரு முறை போவேன். ஒரு நாள் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, எதையோ தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தவர்போலச் சொன்னார்:

"அந்த டிரஸரு ஒரு அதட்டு அதட்டியிருந்தா வேப்பிலைய நானே கழட்டிப் போட்டிருப்பேன். எத்தன வீட்டுல கேக்காம கொள்ளாம நொழைஞ்சிருக்காரு. எங்க வீட்டுல மட்டும் நின்னுட்டாரு. அவரே திரும்பிப் போறாருன்னா பெருசா ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

"நீங்க அவர உள்ள வாங்கன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"எதுத்தாப்புல அவங்க நிக்கிறாங்க. நான் எப்படி வாயால சொல்றது? அவரு கவர்மெண்ட் மாதிரி ஆளு. அவரு வந்தா யாரு கேக்கப் போறா?"

அம்மா போன பிறகு, கருமாதி அன்று, கைத்தடியோடு ஒரு முதியவர் வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று அவரே சொன்னார். அப்போது டிரஸராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு மலாக்காவிலேயே தங்கிவிட்டாராம். சாப்பிட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா நல்லா இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க."

கைத்தடியைக் காலுக்கு முன்னால் ஊன்றிக்கொண்டார். "நான் அப்ப புதுசு. கொசுவுக்கும் பூச்சிக்கும் எந்த வீட்டுக்குள்ள வேணும்னாலும் போவேன். இது சாமி விசயம். மேனேஜர்கிட்ட புகார் போச்சுன்னா வேலை போயிரும்னு ஒரு பயம். அதுக்கு மேல, உங்கம்மா மனசு நோகக் கூடாதுன்னும் நெனச்சேன். உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்வாங்கன்னுதான் நின்னேன். அவங்க சொல்லல."

நான் அவருக்கு அம்மா சொன்னதைச் சொல்லவில்லை. அந்த வயதில் அவருக்கு அது எதற்கு? தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவர் பேரன் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் அக்காவிடம் சொன்னேன். அவளிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றியது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்றாலும், இது நீளம் என்பதால் போனில் தட்டிக் கொடுத்தேன். அம்மா சொன்னதையும் டிரஸர் சொன்னதையும் ஒன்றன் கீழ் ஒன்றாக. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு தடவை படித்தாள். போனை மேசையில் வைத்தாள்.

"நான் கூப்பிட்டேன்" என்றாள்.

புரியாமல் பார்த்தேன்.

"அவரு குரல் கேட்டுச்சு. தூரத்துல, தண்ணிக்குள்ள கேக்குற மாதிரி. கம் இன் சார்னு சொன்னேன். நெறைய தடவ சொன்னேன்." என் பக்கம் திரும்பினாள். "அப்பவே என் குரல் எனக்குச் சரியா கேக்கல. சத்தமா சொன்னேனா, வாய் மட்டும் அசைஞ்சிச்சான்னு தெரியல. நீ வாசல்லதான நின்ன. உனக்குக் கேட்டுச்சா?"

நான் யோசித்துப் பார்த்தேன். மனசாட்சிப்படி யோசித்தேன். அம்மாவின் சேலை, அசையாத இலை, சைக்கிள் போன சத்தம். உள்ளேயிருந்து எதுவும் கேட்டதாக இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அம்மாவுக்கு?"

அம்மா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். கேட்டிருந்தால் திரும்பியிருப்பார். அதற்கும் தலையை ஆட்டினேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். வெகு நேரம் துடைத்தாள்.

"அப்ப சரி" என்றாள். "கேட்டுக்கிட்டே எல்லாரும் சும்மா நின்னீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."